நாற்பத்தைஞ்சு வாட் எங்க போகுது?

என்ர வெள்ளி விழாவுக்கு நான் போறேல்லை எண்டு முடிவெடுத்தன்.

சிரிக்காதேங்கோ. கலியாணம் கட்டி இருபத்தஞ்சு வருசம் முடியிறது டென்மார்க்கில எவ்வளவு ஆபத்தான காரியம் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஊரில எண்டால் கோயில்ல ஒரு பூசை ஒப்புக்குடுத்து, வீட்டில ஒரு சாப்பாட்டோட முடிஞ்சிடும். இஞ்ச அப்பிடியில்லை. அண்டைக்கு விடிய ஆறரைக்குச் சனம் வீட்டு வாசலுக்கு வந்திடும். நாங்கள் நித்திரையில கிடக்கேக்க கிறிஸ்மஸுக்கு வைக்கிற நத்தார் மரக் கொப்பில வளைவு கட்டி, வெள்ளிக் கடதாசியில 25 எண்டு வெட்டி ஒட்டி, ட்ரம்பெட் ஊதிப் பாட்டுப் பாடும். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி, வந்த அவ்வளவு பேருக்கும் காலமைச் சாப்பாடு குடுக்கவேணும். அதோட விட்டுதே? பிறகு நடுவில நிண்டு மனிசியோட வால்ஸ் ஆடவேணும். ஆடிமுடிய மாப்பிளையைத் தூக்கிப் பிடிச்சு, அவற்ற சொக்ஸின்ர நுனியைக் கத்தரிக்கோலால வெட்டுவினம். ஏன் வெட்டுறது எண்டு டெனிஷ்காரரைக் கேட்டுப் பாத்தன். அவைக்கும் தெரியாது.

எனக்கு வால்ஸ் ஆடத் தெரியாது. எனக்கு நடக்கவே ரெண்டு காலும் ஒத்துவாறேல்லை. நற்கருணை எடுக்கப் போற வரிசையில முன்னுக்கு நிக்கிற ஆளின்ர செருப்பை மிதிக்கிற ஸ்ரிபன் எண்டு எங்கட ஊர் ஸ்கீவயில கேட்டால் என்னைத்தான் காட்டுவினம்.

போன வருசம் எங்கட மரியரட்ணம் அண்ணைக்கு நடந்ததை என்ர ரெண்டு கண்ணாலும் பாத்தவன் நான். ட்ரம்பெட் சத்தத்துக்குத் திடுக்கிட்டு, சாரத்தோட ஓடிவந்து கதவைத் திறந்தார் மனுசன். கதவைப் பிடிக்கிறதோ சாரத்தைப் பிடிக்கிறதோ எண்டு அவர் யோசிச்ச அந்த ஒரு செக்கன் வீடியோவாகிக் கனடா வரைக்கும் போயிட்டுது. பிறகு அறுபத்திமூண்டு பேர் சுத்திநிண்டு கைதட்ட, பாவம், அழுதுகொண்டு ஆடினார். அண்டைக்குப் பதைக்கத் தொடங்கின என்ர நெஞ்சு இன்னும் நிக்கேல்லை.

அதாலதான் இந்தத் திட்டம். என்னட்டை ஒரு பழைய கரவன் இருக்கு, காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற சின்ன வீடு. கூரையில இருநூறு வாட் சோலர் பலகை, உள்ளுக்குப் புத்தம்புது லிதியம் பற்றரி. லிம்ஃபியோர்ட் கடற்கரையில ஒரு கமக்காரன்ர புல்வெளியை இன்ரநெற்றில பிடிச்சன். அங்க கரண்டும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை. மாடுகள் மட்டும்தான், அதுகள் வால்ஸ் ஆடச் சொல்லிக் கேக்காது. புதன் போய் ஞாயிறு வாறது. வெள்ளி விழா சனிக்கிழமை. சனம் பூட்டின வீட்டு வாசல்ல நிண்டு நல்லா ஊதட்டும்.

ஒரே ஒரு சிக்கல். பற்றரி ஞாயிறு வரைக்கும் நிக்கவேணும். பற்றரி போனால் தண்ணிப் பம் இல்லை, லைற் இல்லை, ஹீற்றர் இல்லை. மனிசி ஒரு மணித்தியாலமும் இருக்கமாட்டாள். வீட்டுக்குத்தான் திரும்பவேணும், வீட்டில வால்ஸ்.

மனிசியை எப்பிடிச் சம்மதிக்க வைக்கிறது? என்ர மனிசி மேரிசெலின் முதியோர் இல்லத்தில இரவு வேலை செய்யிறவள். ஆரையும் ஒரு பார்வையில படுக்கவைப்பாள். நான் பயந்து பயந்துதான் துவங்கினன்.

"செலின், எங்கட நாளை இந்தமுறை நாங்கள் ரெண்டுபேரும் தனிய, இயற்கையோட கொண்டாடுவமே?"

"ஓமப்பா. நல்ல யோசினை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இருபத்தஞ்சு வருசத்தில என்ர ஒரு யோசினையும் நல்ல யோசினையா இருந்ததில்லை.

"உண்மையாத்தான் சொல்லுறீரோ?"

"பின்ன? சனம் கூடினால் உங்களுக்குப் படபடக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? பற்றரி எத்தினை நாளைக்குக் காணும்?"

"சிக்கனமாப் பாவிச்சால் ஞாயிறு வரைக்கும்."

"சனி விடியும் வரைக்கும் கட்டாயம் நிக்குமோ?"

"ஏன் சனி?"

"அண்டைக்குத்தானே எங்கட நாள்."

இப்பிடி ஒரு மனிசியை வைச்சுக்கொண்டே நான் பயந்தன் எண்டு எனக்குக் கண் கலங்கிட்டுது.

புதன்கிழமை போய் இறங்கினம். கரவன் பற்றரியில எவ்வளவு மிச்சம், எவ்வளவு போகுது எண்டு என்ர போனிலேயே பாக்கலாம்; அண்டைக்கு நூறு வீதம் எண்டு காட்டினது. இறங்கினவுடனேயே செலினுக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பை நிமித்தேலாதாம். கரவனுக்குள்ள ஏறிக் கட்டில்ல படுத்தவள்தான், சாப்பிடவும் கால்முகம் கழுவவும் தவிர எழும்பவேயில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு சட்டதிட்டம் வாசிச்சன்.

"தண்ணி சுடவைக்கிற கேத்தல் கூடாது. ரெண்டாயிரம் வாட்."

"சரியப்பா."

"தலைமயிர் காயவைக்கிற மெஷின் கூடாது. சோறு காஸ் அடுப்பில. ஃபிறிஜ்ஜும் காஸில. போனுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்."

"சரியப்பா."

"லைற் போடுறதெண்டால் என்னைக் கேக்கவேணும்."

"கேக்கிறன். கொஞ்சம் எண்ணெய் தேச்சு விடுங்கோ."

எண்ணெய் தேச்சு விட்டன். நாட்டை ஆளுறவனுக்குக்கூட இப்பிடி ஒரு கீழ்ப்படிவு கிடைக்காது எண்டு நினைச்சுக்கொண்டு படுத்தன்.

வியாழன் விடிய போனைப் பாத்தன். எழுபத்திமூண்டு!

கடவுளே! ஒண்டும் பாவிக்கேல்லை, இருபத்தேழு எங்க? மழைதான், எண்டாலும் இவ்வளவோ? உற்றுப் பாத்தன். அந்த நிமிசத்தில நாற்பத்தைஞ்சு வாட் போய்க்கொண்டு இருக்குது. லைற் எல்லாம் நூந்திருக்கு. பம் ஓடேல்லை. நாற்பத்தைஞ்சு வாட் பேய்க்கோ போகுது?

"செலின், என்ன போட்டிருக்கிறீர்?"

"சட்டை போட்டிருக்கிறன்."

"கரண்டில என்ன போட்டிருக்கிறீர் எண்டு கேட்டன்!"

"நாரி பிடிச்சவள் எழும்பி எங்க போய் என்னத்தைப் போடுறது? ஏன் விடிய வெள்ளன கத்துறியள்?"

இருபது நிமிசத்தில நாற்பத்தைஞ்சு வாட் தானாக் காணாமல் போச்சு. நான் மூச்சு விட்டன். அரை மணித்தியாலத்தால திரும்பி வந்திட்டுது. வரேக்க எங்கயோ "ங்ங்ங்" எண்டு ஒரு சத்தம். அதே நேரம் செலின் மாதா பாட்டொண்டைப் பெரிசா எடுத்துப் பாடினாள்.

"அது என்ன சத்தம்?"

"நான் பாடுறன்."

"பாட்டுக்குக் கீழ ஒரு சத்தம்."

"அது சுருதி."

சுருதியோட பாடுற மனிசியைச் சந்தேகப்படலாமே? நான் என்ர சோலர் பலகையைச் சந்தேகப்பட்டன். கொட்டுற மழையில ஏணி வைச்சு ஏறி, துவாயால அதைத் துடைச்சன். துடைக்கத் துடைக்க மழை நனைச்சுது. பதினாலு மாடும் வேலியோரம் வந்து வரிசையா நிண்டு பாத்துதுகள். மழைச் சட்டையோட அந்தப் பக்கம் வந்த கமக்காரனும் நிண்டு பாத்தான். "நல்ல சுகமா இருக்கிறியள் போல" எண்டு டெனிஷில சொல்லிப்போட்டுப் போனான்.

வெள்ளி விடிய நாற்பத்திநாலு.

இனிப் பொறுக்கேலாது எண்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தன். ஒவ்வொண்டாக் கழட்டிக் களவைப் பிடிக்கிற யோசினை. முதலாவதைக் கழட்டினன், நாற்பத்தைஞ்சு போகாமல் அப்பிடியே இருந்துது. ரெண்டாவது, அப்பவும் இருந்துது. மூண்டாவதில கை வைக்க, "ஐயோ மாதாவே, என்ர நாரி!" எண்டு ஒரு குளறல். விழுந்தடிச்சு ஓடிப்போய் எண்ணெய் தேச்சன். தேச்சுப்போட்டு வந்து பாத்தால், எது கழட்டினது எது பூட்டினது எண்டு எனக்கே மறந்துபோச்சு. எல்லாத்தையும் திரும்பப் பூட்டினன். கடன் கேட்டு வந்தவன் மாதிரி நாற்பத்தைஞ்சு வாட்டும் அசையாமல் குந்தியிருந்துது.

அண்டு முழுக்க நான் பட்ட பாடு! என்ர போனை இத்தினை தரம்தான் எண்டு எண்ணி எண்ணித் திறந்தன். ஷேவ் எடுக்கேல்லை. ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு குந்தியிருந்தன். கை கழுவுறதுக்குப் பம்மைப் போடாமல் கடல் தண்ணியில கழுவினன். பின்னேரம் பாத்தால் இருபத்திரெண்டு வீதம். இந்தக் கணக்கில போனால் இரவோட இரவாப் பற்றரி செத்துப்போம். சனிக்கிழமை விடிய நான் எங்கட வீட்டு வாசல்ல நிக்கவேண்டி வரும். வேற வழியில்லை, முழுக் கரண்டையும் வெட்டிப்போடுவம் எண்டு பெரிய சுவிச்சில கை வைச்சன்.

மூண்டு நாளா நாரி நிமிராதவள் கட்டில்ல இருந்து துள்ளி எழும்பினாள்.

"ஐயோ அதை நிப்பாட்டாதேங்கோ!"

"ஏன், என்ன?"

"பயமாக் கிடக்கு. இருட்டில எனக்குப் பயம் எண்டு தெரியாதே?"

ஆனி மாதத்து டென்மார்க். இரவு பத்து மணிக்கும் வெளியில பேப்பர் வாசிக்கலாம். ஆனால் அந்த நேரம் அதெங்க என்ர மண்டையில ஏறினது? பன்ரெண்டு வருசமா இரவு வேலை செய்யிற மனிசிக்கு இருட்டில என்ன பயம் எண்டும் யோசிக்கேல்லை. எனக்குப் பாவமாப் போச்சு. "பயப்பிடாதேயும், நான் இருக்கிறன்" எண்டு சொல்லி, சுவிச்சை விட்டிட்டு, மிச்சத்தைக் கடவுளிட்டை ஒப்படைச்சிட்டுப் படுத்தன். காவல் காத்த களைப்பு, அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை.

கடவுள் ஆரின்ர பக்கம் எண்டு ஆறரைக்குத் தெரிஞ்சுது.

காதுக்குப் பக்கத்தில ட்ரம்பெட்!

துள்ளி எழும்பி லைற் சுவிச்சைத் தட்டினன். எரியேல்லை. கதவைத் திறந்தன். நத்தார் மரக் கொப்பு என்ர மூக்கில குத்தினது. கரவன் வாசலைச் சுத்தி வளைவு! அதில வெள்ளி 25! அதுக்கங்கால புல்வெளி நிறையச் சனம். எங்கட பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுறார். ஓகூஸ் நகரத்தில படிக்கிற என்ர மகள் ஷரோன் வீடியோ எடுக்கிறாள். மரியரட்ணம் அண்ணை முன்வரிசையில நிண்டு, இருவது வயசு குறைஞ்ச மாதிரிச் சிரிக்கிறார். நல்லகாலம், ரெண்டு ஸ்வெற்றருக்கும் கீழ நான் ஒரு களிசான் போட்டிருந்தன்.

"Tillykke, far!" எண்டு ஷரோன் கத்தினாள். வாழ்த்துறாளாம்.

"செலின்! இவையளுக்கு இந்த இடம் எப்பிடித் தெரியும்?"

திரும்பிப் பாத்தன். பட்டுச்சீலை உடுத்து, தலையில பூ வைச்சுக்கொண்டு நிக்கிறாள். நாரி நேராத்தான் இருந்தது.

"இந்தக் கமக்காரன்ர மனிசி என்னோடதான் வேலை செய்யிறவ. இடத்தை நீங்கள் எடுத்த அண்டே எனக்குச் சொல்லிப்போட்டா. டென்மார்க் எவ்வளவு பெரிசெண்டு நினைச்சியள்?"

"அப்ப… அப்ப இவ்வளவு சனத்துக்கும் சாப்பாடு?"

கட்டில் மெத்தையைத் தூக்கினாள். கீழ, நான் கண்டே இராத ஒரு பெரிய குளிர்ப்பெட்டி. மூடியைத் திறந்தாள். ரோல்ஸ். கட்லட். மீன் பற்றிஸ். அடுக்கடுக்கா, இருநூற்றைம்பது!

"காலுக்குச் சூடு குடுக்கிற பாய்க்கு எண்டு கட்டிலுக்குக் கீழ ஒரு சொக்கற் பூட்டச் சொன்னனெல்லே? அது இதுக்குத்தான். நல்ல பற்றரியப்பா. அஞ்சரை வரைக்கும் இழுத்தது. ஒண்டும் பழுதாகேல்லை."

கொட்டுற மழையில கூரையில ஏறி நான் துடைச்சு, குளிர்ல விறைச்சுச் சேமிச்ச கரண்ட் எல்லாம் இந்தச் சனத்துக்கு ரோல்ஸ் குளிரவைக்கத்தானோ! ஓடி ஒளிக்க வந்த விருந்தைக் காவல் காத்தவன் நான்தானோ!

"இவ்வளவு ஆசையெண்டால் சொல்லியிருக்கலாமே" எண்டு கேட்டன்.

"சொன்னால் சம்மதிச்சிருப்பியளோ? எங்கட கலியாணத்துக்குப் பதினொரு பேர். அதில ரெண்டு பேர் வேற கலியாணத்துக்கு வந்து வழி தவறினவை. எனக்கு ஒருக்கால் சனத்தோட கொண்டாடவேணும் போல இருந்தது." எனக்கு வெக்கமாப் போச்சு. உண்மையாவே வெக்கமாப் போச்சு.

எண்டாலும் மனுசன் கடைசி வரைக்கும் போராடவேணும். ரோல்ஸ் முடிஞ்சு, சனம் "வால்ஸ்! வால்ஸ்!" எண்டு கைதட்டத் துவங்க, எனக்கு ஒரு யோசினை மின்னினது. படியில ஏறி நிண்டு அறிவிச்சன்: "மன்னிக்கவேணும். பற்றரி செத்துப்போச்சு. கரண்ட் இல்லை. பாட்டுப் போடேலாது!" என்ர வாழ்க்கையில ஒரு செத்த பற்றரியை இவ்வளவு நேசிச்சதில்லை.

"ட்ரம்பெட்டுக்கு எத்தினை வாட் அப்பா வேணும்?" எண்டு கேட்டாள் செலின்.

ஆடினன். ஈரப் புல்லில, எழுபத்தொரு பேருக்கும் பதினாலு மாட்டுக்கும் முன்னால ஆடினன். ஆறு தரம் அவளின்ர காலை மிதிச்சன், அவள் ஒருக்காலும் கையை விடேல்லை. கடைசியில மரியரட்ணம் அண்ணைதான் கத்தரிக்கோலை வாங்கி என்ர சொக்ஸை வெட்டினார். தேவையானதைவிட மேல வெட்டினார்.

சனம் கலையேக்கை, என்னோட தொழிற்சாலையில வேலை செய்யிற தேவராசா என்னைக் கரவனுக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போனான். முகம் பேயறைஞ்சு கிடந்தது.

"மச்சான், செப்டெம்பர் இருவது எனக்கும் இருபத்தஞ்சு. உந்தக் கரவனை ஒரு நாலு நாளைக்குத் தருவியே?"

"டேய், இவ்வளவையும் பாத்த பிறகுமோ?"

"நீ இடத்தைப் பிழையாத் தெரிஞ்சிட்டாய். நான் நோர்வேக்குப் போறன். என்ர மனிசி நல்ல யோசினை எண்டு சொல்லிப்போட்டாள். ஆருக்கும் மூச்சு விடாதை, என்ன?"

ஒருத்தனாவது தப்பட்டும் எண்டு எனக்கு ஒரு வேகம் வந்திட்டுது. திகதியைக் குறிக்கப் போனை எடுத்தன். போனில நாலு வீதச் சார்ஜ் மிச்சமிருந்தது. நானும் செலினும் சேந்து பாவிக்கிற கலண்டர் ஒண்டு அதில இருக்கு, நான் ஒருநாளும் திறந்து பாக்கிறேல்லை. செப்டெம்பர் இருவதைத் தட்டினன். செலின் ஏற்கெனவே எழுதிவைச்சிருந்தாள்: "தேவராசா அண்ணை ஓடுறார். கரவன் குடுக்கவேணும். ரோல்ஸ் முந்நூறு."