மாமாவிடம் இருக்கும் இருபத்து நான்கு கார்டுகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. நான் நலம். வழக்கத்துக்காக அப்படி எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைக்கிறேன். பேனாவில் அழிக்கிற பட்டன் இல்லை என்பது இந்த ஒரு பக்கத்தில் எனக்கு நான்கு முறை தெரிந்துவிட்டது. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஏழு மாதமாக உங்களோடு பேசாததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன் எடுத்தால் நீங்கள் "ம்" என்பீர்கள், நான் "ம்" என்பேன், அத்தை பின்னாலிருந்து "யாரு?" என்பார்கள். அதனால் எடுக்கவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், ஒரு தவறு நடந்துவிட்டது. நேரே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டம் கலைந்துவிட்டது.

நீங்களும் உங்கள் மகளும் தபால் கார்டில் ஆடிக்கொண்டிருந்த செஸ்ஸைச் சொல்கிறேன். கல்யாணமாகி அவள் இங்கே வந்த வாரம் ஆரம்பித்தது. அவள் வெள்ளை, நீங்கள் கறுப்பு. ஒரு கார்டு போக, ஒரு கார்டு வர இருபது நாள். ஜன்னலோரம் சின்ன மேஜையில் பலகை எப்போதும் விரித்தபடியே இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், ஈரக்கையோடு வந்து ஒரு குதிரையைத் தூக்கி, திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்து, "இதுல ஆடினா ஒரு நிமிஷத்துல பதில் வந்துரும்" என்றேன். "ஒரு நிமிஷத்துல முடியறதுக்கு எதுக்கு ஆடணும்?" என்றாள். அதை உங்களுக்கும் எழுதியிருப்பாள் போல. உங்கள் ஏழாவது கார்டில் "மாப்பிள்ளையைத் திட்டாதே, பாவம், அவர் வேலை அப்படி" என்று இருக்கிறது.

என் வேலை நகல் எடுப்பது. பெரிய கம்பெனிகளின் விவரங்களை மூன்று பிரதி எடுத்து மூன்று ஊரில் வைப்போம், ஓர் ஊர் மூழ்கினாலும் மற்ற இரண்டில் இருக்கும். அப்படிப்பட்ட நான், வீட்டில் ஒன்றரை அடிப் பலகையை ஒரு போட்டோ எடுத்து வைக்கவில்லை. ஏழு மாதமாக அதைத் தொடவும் இல்லை. பெயிண்ட் பிரஷ் வாங்கி, காய்களின் நடுவே மட்டும் தூசு தட்டினேன். போன மாதம் என் அம்மா வந்தார்கள். நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் வீட்டையே தலைகீழாகப் புரட்டித் துடைத்திருந்தார்கள். பலகையில் இரண்டு பக்கமும் காய்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஏம்மா இதத் தொட்டே?"

"தொட்டா என்ன, ஒட்டிக்குமா? எல்லாம் தெசைக்கொண்ணா நின்னுச்சு. பாதிப்பேரு வெளியில கெடந்தாங்க. தொடச்சி அவங்கவங்க எடத்துல நிறுத்தியிருக்கேன். நல்லா இல்ல?"

வெட்டுப்பட்ட காய்களையும் அம்மா எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள் மாமா. ஒருத்தர் குறையாமல் முப்பத்திரண்டு பேரும் நின்றார்கள். நான் பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான்மா இருக்கு" என்றேன்.

அப்புறம்தான் வேலையில் இறங்கினேன். என் போனில் நாலாயிரம் போட்டோ இருக்கிறது. ஒன்றே ஒன்றில் அவள் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் பலகையின் மூலை தெரிகிறது. இரண்டு சிப்பாயும் ஒரு தண்ணீர் பாட்டிலும். சரி என்று உங்கள் கார்டுகளை எடுத்து வைத்தேன், அத்தனையையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆனால் அதில் இருப்பதெல்லாம் உங்கள் நகர்த்தல்தானே, அவளுடையது உங்களிடம் அல்லவா இருக்கிறது? பாதி ஆட்டத்தை வைத்து மீதியைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு நாள் ஓடியது, கம்ப்யூட்டர் மாவு மெஷின் மாதிரி சத்தம் போட்டது, கீழ் வீட்டு பல் டாக்டர் மேலே வந்து, "என் கிளினிக்குலகூட இவ்ளோ சத்தம் வராது சார்" என்றார். முப்பது லட்சம் வழி இருக்கிறது என்று புரோகிராம் சொன்னபோது நானே நிறுத்திவிட்டேன். அவள் எல்லாவற்றையும் சரியாக ஆடியிருப்பாள் என்று வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். நீங்க பன்னிரண்டாவது கார்டு எழுதறதுக்கு முன்னாடியே தோத்துட்டீங்கன்னு வந்துச்சு. தப்பாவே ஆடியிருப்பான்னு வச்சு ஓட்டினா, அவ எட்டுலயே காலி. ரெண்டும் அவ இல்ல. கூட வேலை பாக்கறவன் பாத்துட்டு, "டேய், மாமனாருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிரும். எதுக்குடா மெஷினப் போட்டு வறுக்கறே?"ன்னான்.

அது நியாயம்தான் மாமா. ஆனா எனக்கு ஆட்டம் மட்டும் இல்ல, உங்க கார்டுல இருக்கற மத்ததும் புரியல. பதினஞ்சாவதுல, "உன் வீட்டுக்காரர் செய்தது தப்புதான், ஆனாலும் உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. யானை டி 8"ன்னு எழுதியிருக்கீங்க. நான் என்ன செஞ்சேன்? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. பத்தொன்பதாவதுல, "அதை அவரிடமே சொல்லேன்"ன்னு மட்டும் இருக்கு. எதை? என்கிட்ட சொன்னாளா, சொல்லாம விட்டுட்டாளா?

இன்னொண்ணும் சொல்லணும். உங்க இருபத்து நாலாவது கார்டு வந்து சேந்துச்சு. அவ தகனம் முடிஞ்சு மூணாவது நாள். எழுதும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. "இப்போது என்ன செய்கிறாய் பார்க்கிறேன்"ன்னு முடிச்சிருக்கீங்க. அது வந்துச்சா வரலையான்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல. வந்துச்சு மாமா.

அதனால ஒரு உதவி. அவ எழுதின கார்டெல்லாம் உங்ககிட்ட இருக்கும். மச்சான்கிட்ட சொல்லி எல்லாத்தையும் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதுவும் சிரமம்னா போன்லயே வரிசையா படிச்சாப் போதும், நான் எழுதிக்கறேன். பலகைய பழையபடி அடுக்கி, ஒரு போட்டோ எடுத்து, மூணு எடத்துல வச்சிட்டேன்னா அப்புறம் கவலை இல்ல.

அத்தைக்கு என் நமஸ்காரம், மச்சானுக்கு அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். எனக்காகவும் அம்மாவுக்காகவும் உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,

உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டிட்டுப் பிரிச்சேன், ஓரம் கிழிஞ்சிருக்கும், மன்னிக்கவும். போட்டோ வேண்டாம் மாமா. மச்சான்கிட்ட சொல்லவே வேண்டாம். எல்லாம் மொத்தமா வந்தா நான் பத்து நிமிஷத்துல படிச்சு முடிச்சிருவேன். அப்புறம் என்ன பண்றது? அவளோட முதல் கார்டை மட்டும் தபால்ல அனுப்புங்க. அந்தக் காயை நகர்த்தி, உங்க பதிலையும் வச்சிட்டு, அதைத் திருப்பி அனுப்பறேன். வந்து சேந்ததும் ரெண்டாவதை அனுப்புங்க. ஒரு தடவை போக வர இருபது நாள், இருபத்து நாலு தடவை. கணக்குப் போட்டேன், ஒன்னேகால் வருஷத்துக்கு மேல ஆகும். அவ இந்த வீட்ல இருந்ததும் அவ்வளவு நாள்தான். நான் கேட்டாலும் முன்னாடி அனுப்பிறாதீங்க. பதினஞ்சாவதுக்காகக் கெஞ்சினாக்கூட.