வஞ்சிரத்தைத் தேடிய குமாஸ்தா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, புயலுக்கும் அஞ்சாமல் கடலுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் பயந்துகொண்டிருந்தார்: எங்கள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா டபுள்.

அவருக்கு எல்லாமே இரண்டு வேண்டும். இரண்டு பேனா, இரண்டு டைரி, ஒரே போனில் இரண்டு சிம், இரண்டு கையிலும் வாட்ச். இரண்டும் வேறு வேறு மணி காட்டினால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அன்று முழுக்க மனிதர் சாப்பிடவில்லை. வாய்தா நாளன்று கோர்ட்டைப் பெருக்குகிற அம்மாவுக்கும் முன்னால் போய் நிற்பார்.

நான் துறைமுகக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிச் சட்டம் படித்தவள். டபுள் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கல்லூரியில் மெடல் வாங்கிய திமிர் வேறு எனக்கு. ஆபீசில் சேர்ந்த இரண்டாவது வாரம், கேஸ் கட்டுகளின் மேல் அவர் பென்சிலால் கண்ட பட்டப்பெயர்களையும் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகிற கட்டில் இதென்ன அசிங்கம் என்று ரப்பரை எடுத்து, ஒன்றுவிடாமல் அழித்தேன்.

மறுநாள் மகாலட்சுமி என்ற மீன்காரம்மாவின் கேஸ். அவர் குடியிருக்கும் வீட்டைத் தன்னுடையது என்று கொழுந்தன் கேட்கிறான். அந்தம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டு வாய்தா ஏற்கெனவே வாங்கியாயிற்று. இன்றும் வராவிட்டால் அவ்வளவுதான் என்று நீதிபதி சொல்லியிருந்தார். சீனியர் ஊரில் இல்லை. டபுள் இரண்டாவது செட் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். கட்சிக்காரரை நான் அதுவரை பார்த்ததே கிடையாது.

டபேதார் "மகாலட்சுமி" என்று மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே ஓடினேன். கேஸ் கட்டில் இருந்த போன் நம்பர் மகனுடையது, அவன் கடலில். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மரத்தடியில் இருந்த பெண்கள் யாரந்த மகாலட்சுமி என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப்போகிறேன் என்று தோன்றியது.

டபுள் வந்தார். கட்டைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"இத்த யாரு மேடம் அயிச்சது? குப்பத்துல ரேஷன் கார்டு பேர யாரு கூப்புடுவாங்க?"

சொல்லிவிட்டு, "வஞ்சிரம்! வஞ்சிரம்!" என்று வளாகம் முழுக்க ஓடினார். கிலோ என்ன விலை என்று ஒரு வக்கீல் கேட்டார். மரத்தடியிலிருந்து, நான் மூன்று முறை தாண்டிப்போன ஒரு அம்மா, "இங்கதான குந்திகினு கீறேன், இன்னாத்துக்குக் கூவுற?" என்று எழுந்து வந்தார்.

கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டார். "எங்கம்மா செத்தப்புறம் அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்டலீங்கய்யா. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றார் அந்தம்மா. நீதிபதி சாட்சியத்தை எழுதப் பேனாவை எடுத்தார்.

பின்னால் வந்த தீர்ப்பில் வீடு பிழைத்தது. சாட்சி சொன்ன அன்று மாலையே எல்லாக் கட்டிலும் பென்சிலால் திரும்ப எழுதினேன். டபுள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சொன்னார்.

இப்போது எனக்குத் திருவொற்றியூரில் தனி ஆபீஸ். டபுள் பொன்னேரியில் வேறொரு வக்கீலிடம். ஆனாலும் என் வாய்தா தேதிகள் அவர் டைரியில் இருக்கின்றன, இரண்டிலும். வாய்தாவன்று காலை, நினைவுபடுத்த அவரிடமிருந்து இரண்டு போன் வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு வாய்தா நாளில் ஒன்றுகூட வரவில்லை. கோர்ட்டில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. வெளியே வந்ததும் கூப்பிட்டேன்; ஸ்விட்ச் ஆஃப் என்றது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன்; எடுத்தார்.

"சார்ஜ் பூட்ச்சி மேடம். இன்னா, பயந்துட்டீங்களா?"

ஆமாம் என்றேன். நாளையிலிருந்து இன்னொரு போனும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.