மாடி வீட்டு ஓட்டு

என்றும் என் நலத்தையே நினைக்கும் அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீயும் முழங்கால் வலியோடுதான் இருப்பாய். ஆகையால் அந்த விசாரிப்பை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா? இருந்தால் அத்தானிடம் பக்குவமாகச் சொல்லி அப்படியே காலியாக வைத்திருக்கவும். கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் கொடுத்த பித்தளைத் தராசு ஒன்று, உன் தம்பி மனைவி, நான். இவ்வளவுதான் வரும்.

வரும் ஞாயிறு இங்கே இரண்டு தேர்தலும் ஒரே நாளில். நாட்டை யார் ஆளலாம் என்பதைப் பல் துலக்கி முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டேன், அதில் ஒரு தொல்லையும் இல்லை. வார்டுத் தேர்தல்தான் என் உயிரை வாங்குகிறது. எங்கள் வீட்டுக்காரர் நிற்கிறார். எதிர்த்து நிற்பவர் தெருமுனைத் தையல்காரம்மா. வேறு ஆளில்லை. போன வாரம் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயித்தால் வார்டு ஆபீஸ் வைக்க மாடிதான் வசதி, நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், தப்பாக நினைக்கக் கூடாது என்றார். நான் தப்பாக நினைப்பதற்குள்ளேயே, தோற்றால் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது, வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விடுவேன் என்றும் சொன்னார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாடி ஓட்டு ரெண்டும் நமக்குத்தானே சார் என்று கேட்டார். நான் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்ய? பத்தொன்பது வருஷமாக இருக்கிற வீடு அக்கா. அவர் ஜெயித்தாலும் நான் வெளியே, தோற்றாலும் நான் வெளியே.

அன்றிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மாடிப்படியை ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குகிறேன். அப்படி இறங்கும்போதுதான் ஒரு யோசனை உதித்தது. இருவரும் சமமான ஓட்டு வாங்கிவிட்டால் வெற்றியும் கிடையாது, தோல்வியும் கிடையாது, நான் இருந்த இடத்திலேயே இருக்கலாம். முப்பத்தோரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து முத்திரை போட்டவன் நான். இந்தச் சின்ன வார்டில் முன்னூறு ஓட்டுகூடக் கிடையாது, இதை நிறுத்த முடியாதா? நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன். மளிகைக்கடைக்காரர் என்னைக் கண்டதும், மறுபடி வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தராசைச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஓட்டு யாருக்கு என்று கேட்டால், நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்களுக்குத்தான் சார் என்கிறார். முடிவெட்டுகிறவர் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார், அவரை அரை அரையாக எழுதிக்கொண்டேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, ரகசிய வாக்கு என்றால் என்னவென்று வாசலிலேயே நிற்கவைத்துப் பாடம் நடத்திவிட்டார். மூன்று நாள் அலைந்து ஒருவழியாகக் கணக்கைச் சரிக்கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று தேர்தல் ஆபீசுக்கும் போய்க் கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சமமா வந்தா சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துடுவோம், அடுத்தவங்க வாங்க என்றான். மூன்று நாள் உழைப்பு அக்கா!

வீட்டுக்கு வந்து புலம்பினேன். உன் தம்பி மனைவியை உனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டே இருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்றைக்கு மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

“கணக்குப் போட்டது போதும். போன மழைக்குச் சாக்கடை பொங்கி எல்லார் வீட்டுக்குள்ளயும் வந்துச்சே, ராத்திரி முழுக்கக் குச்சியும் கையுமா நின்னு அடைப்பை எடுத்தது யாரு? அந்தத் தையல்காரம்மாதானே? அவங்களுக்குப் போடுங்க. வீடு போனாப் போகட்டும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தைந்து வருஷம் இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு அவள் அருமை தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று கண் கலங்கிவிட்டது. முடிவு எடுத்தாயிற்று. எங்கள் ஓட்டு இரண்டும் தையல்காரம்மாவுக்கே. வீடு போகிறது, மானத்தோடு போகட்டும். திங்கட்கிழமைக்கு ஒரு சின்ன லாரிக்கு அத்தானைச் சொல்லிவைக்கச் சொல்லவும். அத்தானுக்கு என் வணக்கங்கள், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். நீ படிக்கட்டில் பார்த்து நட.

இப்படிக்கு,
குடிபெயரத் துணிந்த உன் தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுப் போடவும் போய்வந்துவிட்டேன். இன்று ஞாயிறு சாயங்காலம். வார்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையில், பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். சொன்னபடி தையல்காரம்மாவுக்கே குத்தினேன். அந்த அவசரத்தில் நாட்டுக்கு யாருக்குப் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்காரர் தோற்றுவிட்டார். ஒரே ஒரு ஓட்டில். நான் மாற்றிப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார் அக்கா. செய்தி கேட்டு நான் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது மேலே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஊரே கைவிட்டாலும் மாடி ஓட்டு ரெண்டும் எனக்குத்தான் விழுந்திருக்கும்னு தெரியும் சார். உங்களை விட்டுட்டு எங்க போறது? வீட்டை விக்கல. கடைசிவரைக்கும் இங்கேயே இருங்க” என்று என்னைக் கட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் தம்பி மனைவி என் கையில் தண்ணீர் டம்ளரைத் திணித்துவிட்டாள்.

அவர் இறங்கிப் போனதும், நாம் ரெண்டு பேருமே பாவிகள் என்றேன். அவள் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “என்னை ஏன் சேர்க்கறீங்க? நான் அவருக்குத்தான் போட்டேன். வீட்டுக்கு ஒருத்தர் நல்லவரா இருந்தாப் போதாதா?”

லாரி வேண்டாம்.