மேல் வீட்டு வால்வும் கீழ் வீட்டு வால்வும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கிருத்திகைதோறும் முருகன் முன்னால் நின்று, "எழுதட்டுமா சாமி?" என்று கேட்பேன். அவன் சிரித்த முகமாகவே இருப்பான். அது சம்மதமா, கேலியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பனியன் கம்பெனியில் துணிக் கறை எடுக்கும் வேலை எனக்கு. முருகன் புண்ணியத்தில் ராயபுரத்து வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு கட்டி, யூசுப் பாய் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். 'வீட்டு ஓனர்' என்று முதன்முதலாக ஒருவர் கூப்பிட்டதில் என் நடையே மாறிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் விடும் இரண்டு வால்வுகள். பிளம்பர் ஒன்றில் 'மேல்', ஒன்றில் 'கீழ்' என்று மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. வாடகைக்கு விட்டவனுக்கு வால்வும் ஆயுதம்தானே? கம்பெனியிலிருந்து எண்ணெய்க் கறை எடுக்கும் மருந்தைக் கொண்டுவந்து இரண்டையும் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். அழுக்கோடு எழுத்தும் போய்விட்டது. (தொழில் சுத்தம்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயின் மகளைப் பேசி முடிக்க ஈரோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதாவது அமையட்டும் என்று நானும் கோயிலில் விளக்குப் போட்டிருந்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை அன்றைக்கென்று மாற்றக் கிளம்பினேன். குங்குமம் பெரிதாக இருப்பதுதான் நம் வால்வு என்று மனசு சொன்னது. மூடினேன். குழாயைக் கழற்றினேன்.

தண்ணீர் நெஞ்சில் வந்து அடித்தது.

"மூடீட்டீங்களா இல்லீங்களா?" என்றாள் என் மனைவி சரசு.

"மூடியாச்சு. பைப்புல இருக்கற மிச்சத் தண்ணி. நின்னுரும்."

"ஆமாங்க, தொட்டி காலியானா நின்னுரும்."

கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். அப்போது பாய் ஓடிவந்தார்.

"அண்ணா, மேல தண்ணி நின்னு போச்சுங்க. விருந்துக்கு உக்காரப் போனவங்க சோப்புப் போட்ட கையோட நிக்கறாங்க."

"மேலயா? நான் மூடுனது கீழ் ஊட்டு வால்வுங்க."

"கீழதான் வருதுங்களே."

இருவரும் என் விரலைப் பார்த்தோம். சரசு வால்வைத் திருகப் போனாள். "தொடாத, இருக்கறதும் போயிரும்" என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று அந்த முருகனுக்கே வெளிச்சம்.

வேறு வழியில்லாமல் பாய் எல்லோரையும் கீழே கூட்டிவந்தார். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, பின்னால் மாமன்மார், நுரைக் கைகளை ஏந்தியபடி வரிசை. நான் விரலை எடுப்பேன், ஒருவர் கழுவுவார், மறுபடி அடைப்பேன். 'முருகா, ஒரு பெண்ணின் வாழ்வு என் கட்டை விரலால் கெட வேண்டாம்' என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கையைத் துடைத்தபடி மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "இவரு யாருங்க?"

"வீட்டு ஓனருங்க" என்றார் பாய்.

"விருந்தாளி கைக்குத் தண்ணி ஊத்தறது எங்கள்ல பெரிய மரியாதை. அதை ஓனரே நனைஞ்சுட்டு நின்னு பண்றாரு. சுத்தி இருக்கற மனுசங்களே இப்படின்னா, பொண்ணப் பத்தி விசாரிக்கோணுமா?"

"எங்க வழக்கமுங்க" என்றேன். சரசு திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பாத்ரூம் வாசலிலேயே சம்பந்தம் முடிவானது. இன்றைக்கும் ஈரோட்டிலிருந்து பாயின் பேரப்பிள்ளைகள் வந்தால், சாப்பிடும் முன் என் எதிரே வந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். என் மச்சான் சொல்லித் திரிகிற கதையில் நான் வேட்டியில்லாமல் நிற்கிறேன். வேட்டி இருந்தது. நனைந்திருந்தது, அவ்வளவுதான்.