மேற்குக் கரைக் கூழாங்கல்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது எங்கள் கால்டர்விக் கிராமம். 'கடல் முதல் கடல் வரை' நடைபாதை இங்கேதான் முடிகிறது. என் டீக்கடையும் இங்கேதான். மேற்குக் கரையில் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நாட்டின் குறுக்கே நடந்து வந்து, எங்கள் கடலில் எறிய வேண்டும். எறிந்தால்தான் பாதையை முடித்தவர்; சான்றிதழும் அப்போதுதான். எறியாதவர் சும்மா ஊர் சுற்றியவர்.

ஆளாளுக்கு எடுத்ததில் மேற்குக் கரை மெலிந்துபோனது. நடைபாதை வாரியம் தீர ஆலோசித்து, அங்கே கல் எடுப்பதைத் தடைசெய்தது. கூடவே ஒரு கடையைத் திறந்து, முத்திரை குத்திய, முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட கற்களை விற்றது. இதெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பு. இந்தப் பக்கம் கல் பெருகிவிடக் கூடாதே என்று வாரியம் இப்போதுதான் கவலைப்பட்டு, 'கல் சமநிலை அலுவலர்' என்று திரு. கிரிஸ்பின் த்வெயிட்டை அனுப்பியது.

அவர் பதவியேற்ற அன்றே வினிஃப்ரெட் ஓல்ட்ராய்ட் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அடுத்த மாதம் முழங்காலில் ஆபரேஷன். இன்னொரு முறை நடக்க வழியில்லை. கல்லை எடுத்துக் கையை ஓங்கினார்.

"நிறுத்துங்கம்மா! வெளிக்கரைக் கல்லை இங்க போடக் கூடாது," என்றார் த்வெயிட்.

"முத்திரையைப் பாரு தம்பி. உங்க வாரியம் வித்ததுதான்."

"அது எடுத்துட்டு வர்றதுக்கு அனுமதி. போடறதுக்கு இல்ல."

"அப்ப இதை என்ன பண்ணட்டும்?"

"எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. நடந்துதான் போகணும். பாதையில வண்டிக்கு அனுமதி இல்ல."

"என் முட்டியைப் பாத்துட்டா இதைச் சொல்றே?"

"முட்டி என் துறைக்குள்ள வராதும்மா."

வினிஃப்ரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அந்த மனிதரைக் கெட்டிலாலேயே ஒரு போடு போடலாம் போலிருந்தது. அந்த நேரத்தில் வாரியத்தின் லாரி வந்து நின்றது. டிரைவர் பார்னபி இறங்கி, கரையிலிருந்த கற்களை அள்ளி லாரியில் போட ஆரம்பித்தான்.

"இதெல்லாம் எங்கப்பா போகுது?" என்று கேட்டார் வினிஃப்ரெட்.

"மேற்குக் கரைக் கடைக்கு. கடை தொறந்த நாள்லேர்ந்து நான்தான் ஓட்டறேன். அங்கதான் கல் எடுக்கக் கூடாதாமே!"

"அடப்பாவிகளா! அப்ப என் பையில இருக்கறது இந்த ஊர்க் கல்லா?"

த்வெயிட் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொந்தக் கரைக்குத் திரும்பும் கல்லுக்குத் தடையேதும் இல்லை," என்று அறிவித்தார். வினிஃப்ரெட் அதை வாங்கிக் கடலில் எறிந்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், நான், எல்லாரும் கைதட்டினோம்.

"சான்றிதழைக் குடு தம்பி."

"அது முடியாதும்மா. மேற்குக் கல்லைப் போட்டாத்தான் பாதையை முடிச்சதா அர்த்தம். நீங்க போட்டது கிழக்குக் கல்லு."

"அப்ப மூணு வருஷமா ஒருத்தருமே முடிக்கலையா?"

கைதட்டல் நின்றது. என் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என் சான்றிதழ், நான் போன வருடம் நடந்து வாங்கியது. த்வெயிட்டின் கோட்டில் 'முழுதும் நடந்தவர்' என்ற புத்தம்புதுப் பதக்கம். அவர் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

பிறகு தொண்டையைச் செருமினார். "இங்க லாரி ஏதாவது வந்ததை யாராச்சும் பாத்தீங்களா?"

எல்லாரும் கடலைப் பார்த்தோம்.

"லாரியா? எந்த லாரி?" என்றார் வினிஃப்ரெட், சான்றிதழுக்குக் கையை நீட்டிக்கொண்டே.

விழுந்தது மேற்குக் கல்தான் என்று த்வெயிட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுபடியும் கைதட்டினோம். எங்கள் கண்ணெதிரே பார்னபி அடுத்த கூடையை அள்ளிக்கொண்டிருந்தான்.