பெல்ட் அண்ணாச்சியின் நாலு முடிச்சு

அறுபதுகளில் பம்பாயில் இருந்த அத்தனை பிக்பாக்கெட்காரர்களும் ஒன்றுசேர்ந்து மாநாடு போட்டுத் திட்டம் தீட்டியிருந்தாலும் பெல்ட் அண்ணாச்சியிடமிருந்து ஒரு நயா பைசாகூட எடுத்திருக்க முடியாது. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஏனென்றால் அவராலேயே எடுக்க முடியாது.

அவருக்குத் தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் வேலை. எனக்குக் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் உத்தியோகம். சால் என்கிற ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில் ஒரே அறையில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. சர்ச் ரிஜிஸ்டரை விட்டால் அது எங்கேயும் புழங்கவில்லை.

பெல்ட் அவரே கித்தான் துணியில் தைத்தது. சட்டைக்குள் பனியன், பனியனுக்குள் பெல்ட். பணத்துக்கு, சாவிக்கு, டிக்கெட்டுக்கு என்று தனித்தனி அறைகள். எல்லா அறைக்கும் வாய் உடம்பைப் பார்த்து இருக்கும். விலாவில் நாலு நாடா, நாலு முடிச்சு. நாலையும் அவிழ்த்தால்தான் எதையும் எடுக்கலாம்.

"ஒரு கொக்கி வச்சா என்ன அண்ணாச்சி?"

"கொக்கின்னா எவனும் கழட்டிருவான் தம்பி. முடிச்சுன்னா யோசிப்பாம்லா."

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினால் தாதர் வருவதற்குள் இரண்டாவது முடிச்சுதான் அவிழ்ந்திருக்கும். கண்டக்டர் "ஜல்தி, பாபா, ஜல்தி" என்று கெஞ்சுவார். மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, பணம் எடுக்கக் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆள் கம்பி நீட்டிவிட்டார் என்று சர்வர் தேடிக்கொண்டு போனார். அங்கே அண்ணாச்சி பனியனைப் பல்லில் கடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த ஓட்டலில் அவருக்கு மட்டும் சாப்பிடும் முன்பே பில் வரும்.

நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சொன்னார். முதல்முதலாகப் பம்பாய்க்கு ரயிலேறியபோது அவர் மனைவி ஞானம் தன் கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாளாம். போன இடத்தில் கஷ்டம் வந்தால் விற்றுக்கொள்ளட்டும் என்று. வழியில் எவனோ பையைக் கீறி எடுத்துவிட்டான்.

"அவ ஒரு வார்த்தை கேக்கல தம்பி. காதுல ஈக்குச்சியச் சொருகிட்டு சர்ச்சுக்குப் போறா. அதான் எனக்கு ஆறல."

புதுக் கம்மல் வாங்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது. வாங்கிய அன்றே அது பெல்ட்டுக்குள் போய்விட்டது. லீவு கிடைத்ததும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார்.

லீவுக்கு முன்னால் தந்தி வந்தது. ஞானத்துக்கு ஆபத்து, உடனே வரவும்.

அவரைத் தனியே அனுப்ப மனசில்லாமல் நானும் கிளம்பினேன். திருநெல்வேலி வரைக்கும் இரண்டு டிக்கெட்டும் நான்தான் வாங்கினேன். அண்ணாச்சி கையை நீட்டினார். "இங்க குடு. நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்." என்னிடமே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். இருக்கிற கவலையில் இவரோடு என்ன வாக்குவாதம் என்று கொடுத்துவிட்டேன்.

மெட்ராஸ் வரைக்கும் அவர் படுக்கவே இல்லை. மே மாத வெயில். எழும்பூரில் திருநெல்வேலி வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓடிவந்து சேர்ந்தோம். கேட்டில் நின்ற டிக்கெட் கலெக்டர் டிக்கெட் கேட்டார்.

அண்ணாச்சி சட்டையைத் தூக்கினார். வியர்வையில் ஊறிய நாடாக்கள் கல்லாக இறுகியிருந்தன. அவர் இழுத்துப் பார்த்தார், அவிழவில்லை. நானும் முயன்றேன், நகம் பிய்ந்தது. "டிக்கெட் இருக்கு சார், உள்ளே இருக்கு. இவர் சம்சாரம் சாகக் கிடக்கிறாங்க" என்றேன். அப்படிச் சொல்கிறவர்களைத் தினம் பத்துப் பேராவது அந்த டிக்கெட் கலெக்டர் பார்த்திருப்பார். "எடுத்துக் காட்டிட்டுப் போங்க" என்றார். பழக்காரரிடம் கத்தி வாங்கிவந்து நாலு நாடாவையும் அறுத்தேன். டிக்கெட்டை உருவி எடுத்தபோது கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு இடம் கிடைத்த அடுத்த வண்டி மறுநாள் சாயங்காலம்.

ஊருக்குப் போனபோது, வெயிலுக்கு வைத்திருக்க முடியாது என்று முந்தின நாள் சாயங்காலமே அடக்கம் முடிந்திருந்தது. மைத்துனி அழுதுகொண்டே சொன்னாள்: "நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாப் பேசுனா அத்தான். வாசல்ல சத்தம் கேட்டா, அவுகளான்னு கேட்டா."

முந்தின நாள் காலையிலேயே நாங்கள் வந்திருக்க வேண்டியவர்கள். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. கம்மலை எடுத்து மைத்துனி கையில் வைத்தார். "அவளப் பாத்துக்கிட்டவ நீ. போட்டுக்கோ" என்றார். அறுந்த பெல்ட்டை அங்கேயே ஒரு ஆணியில் மாட்டினார். பெட்டியை எடுத்துக்கொண்டு அது இல்லாமலே கிளம்பினார்.

திரும்பும்போது அவர் டிக்கெட்டை அவரே வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். பையில் வைக்கவில்லை, மடியில் வைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து அதே மூடிய கை. மெட்ராஸில் ஒரு கையால் சாப்பிட்டார், மறு கையைத் திறக்கவில்லை. வண்டியில் சும்மா யாராவது எழுந்து நடந்தால்கூட அந்தக் கையை நீட்டிவிடுவார். ஒருமுறை நிஜமாகவே டிக்கெட் பரிசோதகர் வந்தார். அட்டை வியர்வையில் உப்பி இரண்டாகப் பிரிந்திருந்தது. "எழுத்தே தெரியலையே பெரியவரே" என்றார் அவர். அண்ணாச்சி மறுபடியும் கையை மூடிக்கொண்டார்.

குண்டக்கல் தாண்டி ஒரு பிற்பகலில், நாலு நாள் விழித்திருந்த மனுஷர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். தலை என் தோளில் சாய்ந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டிக்கெட்டை எடுத்தேன். என் டிக்கெட்டோடு சேர்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாதித் தூக்கத்தில் கை காலியானது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டிக்கெட்டு?"

"எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. தூங்குங்க."

"இருக்குல்லா?"

"இருக்கு."

மறுபடியும் தூங்கிப்போனார். ஷோலாப்பூர் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.