லொறி தெற்கே, ட்ரக்டர் வடக்கே

கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் அளவுக்கு மீறிச் சந்தோசமாக இருந்தால், இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதோ விளங்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.

1990 ஆம் ஆண்டின் தொடக்கம். வீதிகள் திறந்து, பஸ்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கொஞ்சக் காலம் அது. நாங்கள் ஒட்டுசுட்டானில் ஒரு சின்னப் பேக்கரி வைத்திருந்தோம். பேக்கரி இருந்த காணியை அதன் சொந்தக்காரர் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். மாப்பிள்ளைக்குப் பாண் பிடிக்காதாம். ஆகவே நாங்கள் எழும்ப வேண்டும்.

போவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. வவுனியாவில், நெளுக்குளத்தில், பாண் சுடுகிற போறணையோடு ஒரு கடை வாடகைக்கு இருப்பதாக என் மச்சாள் சொல்லி அனுப்பியிருந்தா. (மச்சாள் என்றால் என் மனுசனின், அதாவது இவரின், அக்கா. அந்தக் கடையிலிருந்து அவாவின் வீடு கூப்பிடு தூரம். அவா கூப்பிடுகிற ஆளும்தான்.) மற்றது கிளிநொச்சியில், சந்தைக்குப் பின்னால், செல்லையா அண்ணையின் கட்டடம். முன்பு பேக்கரி நடத்தியவர் வெளிநாடு போய்விட்டதால் போறணை சும்மா கிடந்தது.

இவருக்கு வவுனியா. ரயில் நிற்கிற ஊர், பெரிய ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் மேலாக அக்கா கையால் சாப்பாடு. எனக்குக் கிளிநொச்சி. வயலும் வாய்க்காலும் கிட்ட, வேளாண்மைச் சனம் விடிய எழும்பிப் பாண் வாங்கும், சந்தைச் சனம் நாள் முழுக்க வாங்கும் என்று விளக்கினேன். மச்சாள் அங்கே இல்லை என்பதை நான் ஒரு காரணமாகச் சொல்லவேயில்லை. சொல்லாததுதான் பெரிய காரணம்.

மூன்று கிழமை சண்டை. சோறு போடும்போது வவுனியா, பாய் விரிக்கும்போது கிளிநொச்சி. பிள்ளைகள்கூட இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஏழு வயது மகள் தேவி என் பக்கம். நாலு வயதுச் சின்னவன் தகப்பன் பக்கம்.

பிறகு ஒருநாள் காலை. இவர் கிணற்றடியில் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றார். நான் வாளியோடு போனவள், "அப்ப கிளிநொச்சிதானே?" என்றேன். இவர் "ம்" என்றார். தெளிவான, அழகான "ம்". வென்றுவிட்டேன்! அன்றைக்கே செல்லையா அண்ணைக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதே காலையில், நான் வாயில் றிபனைக் கடித்துக்கொண்டு தேவிக்குத் தலை இழுத்துக் கொண்டிருந்தபோது, இவர் வந்து "அப்ப வவுனியாதானே?" என்று கேட்டாராம், நானும் "ம்" என்றேனாம். இது இவர் பிற்பாடு சொன்ன கதை. எனக்கு அப்படியொரு ஞாபகமே இல்லை. (இவருக்குக் கிணற்றடிக் கதை ஞாபகமில்லை. கணக்குச் சரி.)

வென்றவர் தோற்றவரைக் குத்திக் காட்டக்கூடாது என்று நான் பெருந்தன்மையாக அதற்குப் பிறகு ஊர்ப்பெயரையே எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. பாவம், மனம் நொந்து போயிருக்கிறார் என்று இரக்கப்பட்டு, அந்தக் கிழமை முழுக்க இவருக்குப் பிடித்த கணவாய்க் கறியாகச் சமைத்தேன். இவரும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுத் தண்ணீர் அள்ளித் தந்தார். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவ்வளவு அன்பாக நாங்கள் இருந்ததில்லை.

சாமான் ஏற்றும் நாள் வந்தது. பேக்கரிச் சாமான்கள், அதாவது மாத் தொட்டி, பாண் அச்சுகள், தட்டுகள், கோதுமை மா மூட்டைகள் எல்லாம் ட்ரக்டர் பெட்டியில். வீட்டுச் சாமான்கள் லொறியில். ட்ரக்டர் மெதுவாகத்தான் போகும் என்பதால் நானும் தேவியும் அதில் முதலில் புறப்படுவது, இவரும் சின்னவனும் லொறியில் பின்னால் வருவது என்று ஏற்பாடு. ட்ரக்டர் ஓட்டியவர் ராமையா. மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறிய குடும்பம். சொன்ன வேலையைக் கேள்வி கேட்காமல் செய்கிற மனுசன். அந்த ஒரு நாள் மட்டும் அவர் புறப்படும்போதே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மாங்குளம் சந்தியில் ராமையா, "எந்தப் பக்கம்க்கா?" என்றார். "வலப்பக்கம், கிளிநொச்சி" என்று மகாராணி மாதிரிக் கையைக் காட்டினேன். மா மூட்டைக்கு மேல் இருந்துகொண்டு.

மத்தியானம் கடந்து போய்ச் சேர்ந்தோம். செல்லையா அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ. எங்கை அவர்?"

"பின்னால லொறியில வாறார் அண்ணை."

பின்னால் ஒரு லொறியும் வரவில்லை. பொழுது சாயத் தொடங்கியது. வருகிற லொறி ஒவ்வொன்றுக்கும் நான் வீதிக்கு ஓடினேன். லொறி எங்கேயாவது புரண்டிருக்குமோ, சின்னவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்தேன். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த ராமையா தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அண்ணன் லொறிய வவுனியாவுக்குல்ல விடச் சொன்னாரு?"

"என்ன?"

"ஆமாங்க. காலையில லொறிக்கார அண்ணன்கிட்ட நெளுக்குளம்னு சொன்னாரு, நானே கேட்டேன். நீங்க அங்க ஒரு கடை, இங்க ஒரு கடை போடுறீங்க, பெரிய எடமாயிட்டீங்கன்னு சந்தோசப்பட்டேன்க்கா."

அழுகை நின்று கோபம் வந்தது. மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் கோபமும் நன்றாகவே வந்தது. யோசித்துப் பார்த்தேன். இவரிடம் கட்டில், பாய், தலையணை, சட்டி பானை, அலுமாரி, என் சேலைகள். என்னிடம் பாண் அச்சு. இவர் இந்நேரம் மச்சாள் வீட்டில் கதிரையில் சாய்ந்து இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக் கொண்டிருப்பார்.

அடுத்த பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகிற புத்தியுள்ள வேலையைச் செய்திருப்பேன். ஆனால் செல்லையா அண்ணை வந்து நின்றார்.

"தங்கச்சி, நான் சந்தை முழுக்கச் சொல்லிப்போட்டன். நாளைக்குப் பின்னேரம் முல்லைத்தீவுப் பக்கத்துப் பேக்கரிக்காரற்றை முதல் பாண் எண்டு. இன்னொரு ஆளும் இந்தக் கடையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். நாளைக்குப் போறணை புகையாட்டில் நான் என்ன செய்யிறது? ஆர் பாண் போடப்போறது?"

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. "நான்தான்" என்றேன்.

எட்டு வருசமாக இவர் என்னை மாத் தொட்டிப் பக்கம் விட்டதில்லை. "உமக்கு ரொட்டிக்கே மா குழைக்கத் தெரியாது" என்பார். யன்னலால் பார்த்துப் பார்த்தே எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையலைப் பார்த்தால் பசி போகுமா என்று அப்போது யாராவது என்னைக் கேட்டிருக்கலாம்.

நானும் தேவியும் மா மூட்டைகளில் படுத்தோம், ராமையா ட்ரக்டர் பெட்டியில். காலையில் முகம் கழுவ வெளியே வந்த எங்களைக் கண்டு பக்கத்துக் கடைக்காரர் "முருகா!" என்று கத்திவிட்டார். தலை முதல் கால் வரை வெள்ளை. மாற்றுச் சேலை நெளுக்குளத்தில். அந்தக் கோலத்திலேயே போய் வவுனியா பஸ் கொண்டக்டரைப் பிடித்து, "நெளுக்குளத்தில எங்கடை ஆள் நிப்பார், நாங்கள் சுகம், இஞ்சை பாண் போடுறம் எண்டு சொல்லிவிடுங்கோ தம்பி" என்று சொன்னேன். அவர் மூன்று முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு வேலை தொடங்கியது. ஈஸ்ட் எவ்வளவு போடுவது? இவர் கையால் அள்ளிப் போடுவதை யன்னலால் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் கை பெரிய கை. என் கை சின்னது. ஆகவே மூன்று தரம் அள்ளிப் போட்டேன். (கெட்டித்தனம்.) ராமையாவும் நானும் மாறி மாறி மாவை உதைத்து அடித்துக் குழைத்தோம். ஈரத் துணியால் மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது தேவி கதவடியில் நின்று அலறினாள்.

"அம்மா, மா வெளியில வருது!"

மா தொட்டியை விட்டு இறங்கி நிலத்தில் நடந்து கொண்டிருந்தது. துணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து வந்தது. மூன்று பேரும் அதை மடக்கிப் பிடித்து, அச்சுகளை நிரப்பி, தட்டுகளையும் நிரப்பி, மிச்சத்தை உருண்டை உருண்டையாக உருட்டிப் பணிஸ் ஆக்கினோம்.

முதல் தடவை போறணைச் சூடு கூடி எல்லாம் கரி. இரண்டாம் தடவை பயத்தில் நான் கதவைத் திறந்து திறந்து பார்த்ததில் வெளியே பாண், உள்ளே பசை. ராமையா அதில் ஒன்றை மரியாதைக்காகச் சாப்பிட்டு, "நல்லாருக்குங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

வெளியே சனம் கூடிவிட்டது. கரிந்த மணத்துக்கே கூடிய சனம். செல்லையா அண்ணை வாசலில் நின்று, "இப்ப வரும், இப்ப வரும்" என்று ஆட்களைச் சமாளித்துக் கொண்டிருந்தார். இதுவும் பிழையாகப் போனால் கடை போச்சு, நானும் மச்சாள் வீட்டுக்கு மா பூசின முகத்தோடு போய் நிற்க வேண்டியதுதான். அந்த நினைப்பே போதுமாக இருந்தது. மூன்றாம் தடவை கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். யாரையும் திறக்க விடவில்லை, என்னையும்தான்.

திறந்தபோது பொன் நிறம். தட்டினால் "டொக்" என்று சத்தம். தேவி கை தட்டினாள். நான் அழுதேன். கண்ணீர் போன இடமெல்லாம் முகத்தில் கோடு.

சனம் வரிசையில் நின்று வாங்கியது. சுடச்சுடப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே போனார்கள். அப்போது வரிசையின் பின்னால் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு, வியர்த்து வழிய, இவர் முண்டியடித்துக்கொண்டு வருகிறார். "உங்கடை மனுசி போறணை மூட்டுறா" என்று கொண்டக்டர் சொன்னதைக் கேட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்திருக்கிறார். (என்னை நினைத்தா, போறணையை நினைத்தா என்று இன்றுவரை சொல்லவில்லை.)

வரிசையில் நின்ற ஒரு பருத்த மனிதர் இவரின் தோளில் கையை வைத்து நிறுத்தினார்.

"ஐசே, வரிசையில வாங்கோ."

"நான் அவவின்ரை மனுசன்!"

"பாண் முடியிற நேரம் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். பின்னுக்குப் போங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆளுக்குப் பாண் எடுத்துக் கொடுத்தேன். இவர் பின்னுக்குப் போனார். கடைசியில், தன் சொந்த அச்சில் சுட்ட பாணைத் தானே காசு கொடுத்து வாங்கினார். பிய்த்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார்.

"சூடு சரி. பதம் சரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உப்பு எங்கையப்பா?"

உப்புச் சாடி குசினிப் பெட்டியில். குசினிப் பெட்டி நெளுக்குளத்தில்.

ஆனால் அடுத்த நாள் காலையில் பிரசர் வருத்தக்காரர் நாலைந்து பேர், "நேற்றையான் பாண் இருக்கோ? டொக்டர் சொன்ன பாண் இதுதான்" என்று கேட்டு வந்து நின்றார்கள். இவர் மாத் தொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து பின்னேரப் பாண் என்னுடையது, உப்போடு ஒரு தட்டு, உப்பில்லாமல் ஒரு தட்டு. ஊரும் என்னுடையது. லொறி திரும்பி வந்தது, அலுமாரி மட்டும் வரவில்லை. அது தன் வீட்டுச் சுவருக்கு அளவெடுத்த மாதிரி இருப்பதாக மச்சாள் சொல்லி அனுப்பியிருந்தா. கிளிநொச்சிக்கு அந்த விலை எனக்குச் சம்மதம்.

அதற்குப் பிறகு யுத்தம் திரும்பத் தொடங்கி, நாங்கள் பலமுறை ஊர் மாறினோம். எந்த ஊர் வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. லொறியும் கிடைக்கவில்லை. ஆனாலும் போன இடமெல்லாம் நான் பாண் போட்டேன்.

தேவியின் கல்யாணத்தன்று சாப்பாட்டு வரிசை மண்டப வாசல்வரை நீண்டிருந்தது. இவர் வெறும் தட்டோடு கடைசியில் நின்றார். புது மாப்பிள்ளை கண்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா, நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ, நீங்கள் பொம்பிளையின்ரை தகப்பன்!"

இவர் அசையவில்லை.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம் தம்பி" என்றார்.